ஒரே ஒரு ஜாகர்ஸுக்கு எதற்கு ‘தெம்’? அதுவும் ஏன் நடுவில்?

பனியன்சிட்டி:
வணக்கம் மக்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுப்பவர்களோடு பேசி வேலையை முடித்துக் கொடுக்கிற ஆளாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். பையர், அதாவது எங்களிடம் துணி வாங்குகிற கம்பெனி, இங்கிலாந்துக்காரர்கள், அதனால் நாள் முழுக்க மெயில்தான். போன மாதம் மீடியம் சைஸில் ‘எ பேர் ஆஃப் ஷார்ட்ஸ்’ சாம்பிள் அனுப்பச் சொல்லி ஒரு மெயில். பேர் என்றால் ஜோடி. எங்களிடம் சாக்ஸ் மட்டும்தான் பேர் கணக்கு, மற்றதெல்லாம் பீஸ் கணக்கு. சரி, இரண்டு கேட்கிறார்கள் போல என்று சாம்பிள் செக்‌ஷனில் சண்டை போட்டு இன்னொன்றும் தைக்க வைத்து இரண்டாக கூரியர் போட்டேன். அவர்கள் கேட்டது ஒன்றாம்.

அடுத்த ஸ்டைலுக்கு உஷாராக ஒரே ஒரு ஜாகர்ஸ் அனுப்பிவிட்டு, ‘ப்ளீஸ் ட்ரை ஆன் இட்’ என்று மெயில் எழுதி மேனேஜரிடம் காட்டினேன். ‘இட்’டை அடித்து ‘தெம்’ என்று போட்டார். அதோடு விடாமல் அந்த ‘தெம்’மை வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்து நடுவில் கொண்டு வந்தார், ‘ட்ரை தெம் ஆன்’. ஒரு பீஸ்தானே சார் அனுப்பினோம் என்றேன். அது அப்படித்தான் எழுதணும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். யாராவது விளக்குங்களேன்.

தூங்காநகரம்:
‘ஒரு பேர்’ கேட்டதற்கு ஆளை அனுப்பாமல் துணியை அனுப்பினாயே, அதுவரைக்கும் நல்லது.

கரும்பலகை:
தம்பி, இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முப்பது வருஷம் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் இப்போது சொல்கிறேன், இரண்டாவதற்கு ராத்திரி வருகிறேன், பேத்தியை ட்யூஷனில் விடணும்.

இடுப்புக்குக் கீழே இரண்டு காலாகப் பிரிகிற உடுப்பு எதுவானாலும் இங்கிலீஷில் அது எப்போதும் பன்மை. ட்ரவுசர்ஸ், ஜீன்ஸ், ஷார்ட்ஸ், ஜாகர்ஸ், லெக்கிங்ஸ், டைட்ஸ், பைஜாமாஸ். ஒன்றே ஒன்று கையில் இருந்தாலும் ‘தீஸ் ஜீன்ஸ் ஆர் டைட்’ தான். ‘திஸ் ஜீன்ஸ் இஸ்’ கிடையாது, ‘எ ஜீன்ஸ்’ கிடையாது. எண்ணிக்கை சொல்லியே ஆகவேண்டும் என்றால்தான் அந்த ‘பேர்’ வருகிறது. ஒரு பேர் என்றால் ஒரு பேண்ட், இரண்டு பேர் என்றால் இரண்டு பேண்ட். அந்த இடத்தில் பேர் என்பதை ‘உருப்படி’ என்று படியுங்கள், ஜோடி என்று படிக்காதீர்கள். சாக்ஸ், ஷூ எல்லாம் வேறு கதை, அங்கே ஒன்றைத் தனியாகக் கழற்றலாம், ‘எ சாக்’ என்று சொல்லலாம். ஜீன்ஸில் ஒரு காலை மட்டும் கழற்றித் தனியாக வைக்க முடியாது.

கண்ணாடியும் கத்தரிக்கோலும் இதே சாதிதான். என் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினால் பேத்தி சொல்வாள், ‘தே ஆர் ஆன் யுவர் ஹெட், தாத்தா’. அவள் கான்வென்ட். ‘இட் இஸ்’ என்று அவளுக்கு வரவே வராது.

அரைக்கைசட்டை:
ஐயா, இந்த ‘இரண்டு காலாகப் பிரிகிறது’ லாஜிக் எனக்கு என்றைக்குமே ஒத்து வந்ததில்லை. சட்டைக்கு இரண்டு கை இருக்கிறது, அது ‘எ ஷர்ட்’. பிரா? அதில் இரண்டு தெளிவாகவே இருக்கிறது, அதுவும் ஒருமை. ஆனால் பெண்கள் போடும் உள்ளாடை பேன்டீஸ் பன்மை, அதில் கால் பகுதியே கிடையாது. வெள்ளைக்காரன் கணக்கு எந்த வாத்தியாரிடம் படித்தான்?

தூங்காநகரம்:
பழைய காலத்தில் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனித் துணியாகத்தான் தைத்தார்களாம், இரண்டையும் இடுப்பில் சேர்த்துக் கட்டினார்களாம், அதனால்தான் பன்மை என்று எங்கோ படித்தேன்.

நூல்கண்டு:
அதில் பாதி உண்மை. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ஆண்கள் போட்ட ‘ஹோஸ்’ அப்படித்தான், ஒவ்வொரு காலும் தனி, மேலே கயிற்றால் முடிந்து கட்டுவது. ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. கத்தரிக்கோலின் இரண்டு பாதியை யாரும் தனித்தனியாகக் கடையில் விற்கவில்லை. ஜீன்ஸ் எல்லாம் பிறக்கும்போதே ஒற்றைத் துணி. செம்பு ரிவெட் அடித்த ஜீன்ஸுக்கு லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1873 மே 20. அப்போது யாரும் ஒற்றைக் காலாகப் போட்டுக்கொண்டு திரியவில்லை.

எனக்குப் பிடித்தது ‘பிரீச்சஸ்’ கதை, முழங்கால் வரை வரும் பழைய காலத்துக் கால்சட்டை அது. பழைய இங்கிலீஷில் ‘ப்ரோக்’ ஒருமை, ‘ப்ரேக்’ பன்மை, ஃபுட் என்பது ஃபீட் ஆகிற மாதிரி உள்ளேயே உயிர் மாறும். காலப்போக்கில் அது பன்மை என்பதே மறந்துபோய், மேலே இன்னொரு எஸ் சேர்த்து பிரீச்சஸ் ஆக்கிவிட்டார்கள். பன்மைக்கு மேல் பன்மை. நம் ஊரில் ‘அவை’யை ‘அவைகள்’ என்று எழுதுகிறவர்களை இனி யாரும் திட்ட வேண்டாம்.

அதைவிட வேடிக்கை பைஜாமா. பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால், ‘ஜாமா’ என்றால் உடுப்பு. இந்தியில் அது சுத்தமான ஒருமை. வெள்ளைக்காரன் இங்கே வந்தான், பார்த்தான், போட்டுக்கொண்டான், கப்பலேறும்போது ஒரு எஸ் ஒட்டிக்கொண்டு போனான். ஜோத்பூர் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்த குதிரைச் சவாரி பேண்ட்டும் அதே கதி, ‘ஜோத்பர்ஸ்’. அதாவது எந்த ஊர் வார்த்தையாக இருந்தாலும் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிற உடுப்பாக இருந்தால் அந்தப் பட்டியலில் தள்ளிவிடுவது இங்கிலீஷின் பழக்கம். பேன்டீஸ் ஏன் என்றால், அது பேண்ட்ஸ் என்ற வார்த்தையின் குட்டி, தாயின் எஸ்ஸோடு பிறந்தது. சட்டையும் பிராவும் இந்தக் குடும்பமே இல்லை. இதை லாஜிக் என்று சொல்ல மாட்டேன், வழக்கம் என்று சொல்வேன்.

அரைக்கைசட்டை:
வழக்கம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். லாஜிக் என்றால்தான் எனக்குக் கோபம் வரும்.

மழைக்காலம்:
பனியன்சிட்டி, உங்கள் பையர் இங்கிலாந்து என்பதால் ஒரு எச்சரிக்கை. மெயிலில் பேண்ட்ஸ் என்று எழுதாதீர்கள். அமெரிக்காவில் பேண்ட்ஸ் என்றால் நாம் சொல்லும் பேண்ட். இங்கிலாந்தில் அது ஜட்டி. நான் வேலைக்காக அங்கே போன முதல் வாரம், நல்ல மழை, நனைந்துகொண்டே ஆபீஸுக்குள் நுழைந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவரிடம் ‘மை பேண்ட்ஸ் ஆர் கம்ப்ளீட்லி வெட்’ என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஒரு நிமிஷம் அந்த ரூமில் கீபோர்டு சத்தம்கூட இல்லை. ஒரு அம்மா மட்டும் மெதுவாக ‘யூ மீன் யுவர் ட்ரவுசர்ஸ், லவ்’ என்றார். நம் ஊரில் ட்ரவுசர் என்றால் டவுசர், அஞ்சாவது படிக்கிற பையன் போடுவது. அங்கே போய் அதையே முழுக்கால் பேண்ட்டுக்குச் சொல்ல வாய் வர எனக்கு ஆறு மாதம் ஆனது.

பனியன்சிட்டி:
ஐயோ. நாங்கள் அந்தக் கம்பெனிக்கு உள்ளாடையும் பண்ணுகிறோம். ‘பேண்ட்ஸ் ஆர் ரெடி’ என்று எத்தனை மெயில் போட்டிருக்கிறேனோ.

கரும்பலகை:
வந்துவிட்டேன். இரண்டாவது கேள்வி, ‘தெம்’ ஏன் நடுவில்.

ட்ரை ஆன், புட் ஆன், டேக் ஆஃப், புல் அப், ரோல் அப், ஜிப் அப், டூ அப். இதெல்லாம் வினையும் ஒரு குட்டி வார்த்தையும் சேர்ந்து ஒரே வினையாக நிற்பவை. துணியின் பெயரைச் சொன்னால் உங்கள் இஷ்டம், ‘ட்ரை ஆன் த ஜாகர்ஸ்’ என்றாலும் சரி, ‘ட்ரை த ஜாகர்ஸ் ஆன்’ என்றாலும் சரி. பெயர் நீளமாக இருந்தால், அதாவது சைடு பாக்கெட் வைத்த சாம்பல் நிற ஜாகர்ஸ் என்று இழுத்துக்கொண்டு போனால், பின்னால் போடுவதுதான் காதுக்கு நன்றாக இருக்கும். ஆனால் பெயருக்குப் பதிலாக இட், தெம் வந்தால் இஷ்டம் என்ற பேச்சே இல்லை. நடுவில்தான். ‘ட்ரை தெம் ஆன்’, ‘டேக் தெம் ஆஃப்’, ‘புல் தெம் அப்’. குட்டி வார்த்தைக்குப் பின்னால் தெம் போட்டால் அர்த்தமே வேறு பக்கம் போய்விடும். ‘புட் தெம் ஆன்’ என்றால் அதைப் போட்டுக்கொள். ‘புட் இட் ஆன் தெம்’ என்றால் அவற்றின் மேல் எதையோ வை.

இதை நான் கரும்பலகையில் எழுதி எழுதிப் போட்டும் பாதிப் பேர் பரீட்சையில் தப்பாகத்தான் எழுதினார்கள். பிறகு எழுதுவதை விட்டுவிட்டு வாயால் சொல்ல வைத்தேன். இவற்றில் அழுத்தம் கடைசிக் குட்டி வார்த்தையில் விழும். ட்ரை தெம் ஆன். டேக் தெம் ஆஃப். மேஜையில் தட்டிக்கொண்டே பத்து தடவை சொல்லச் சொன்னேன். கடைசித் தட்டு ‘தெம்’மில் விழுந்தால் ஓட்டை பானையைத் தட்டுகிற மாதிரி இருக்கும், பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள்.

நூல்கண்டு:
ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுங்கள் ஐயா, இல்லாவிட்டால் தம்பி எல்லாவற்றையும் நடுவில் திணிப்பார். ‘க்ரோ அவுட் ஆஃப்’, ‘கெட் இன்டு’, ‘ஸ்டெப் அவுட் ஆஃப்’ எல்லாம் பிரியாதவை. பையன் வளர்ந்துவிட்டான், பேண்ட் பத்தவில்லை என்றால் ‘ஹீ ஹேஸ் க்ரோன் அவுட் ஆஃப் தெம்’. தீபாவளிக்கு எடுத்த ஜீன்ஸ் பொங்கலுக்கு ஏறவில்லை என்றால் ‘ஐ கான்ட் கெட் இன்டு தெம்’. இங்கே தெம் கடைசியில்தான். இன்டு, அவுட் ஆஃப் மாதிரி வந்தால் அது தன் பின்னால் ஒரு பெயரைக் கேட்கும் சொல், கொடுத்துத்தான் ஆகணும். ஆன், ஆஃப், அப் அப்படி எதுவும் கேட்காமலே நிற்கும்.

தறிநாடா:
நான் மொழிப்பாடம் எதுவும் எடுத்ததில்லை, டெக்ஸ்டைல் டிப்ளமோதான், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். துணிக்கடை ட்ரையல் ரூம் வாசலில் நின்று நாம் கேட்பது என்ன? ‘போட்டுப் பாக்கலாமா?’ அவ்வளவுதான். எதை என்று சொல்வதே இல்லை. கையில் இருக்கிறதே, அது போதும். ஒன்றா இரண்டா என்பதும் அதில் இல்லை. அதையே இங்கிலீஷில் கேட்கப் போனால் ‘தெம்’ என்று ஒன்றை எங்கிருந்தோ கொண்டு வரணும், அது பன்மையா என்று பார்க்கணும், பிறகு சரியான சந்தில் சொருகணும். தமிழில் யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தால் ‘கேன் ஐ ட்ரை?’ என்று வந்து நின்றுவிடுகிறது. தப்பு அங்கேதான் தொடங்குகிறது, கவனக்குறைவில் இல்லை.

இன்னொன்று பாருங்கள். இந்தக் கூட்டு வினைகளை நாம் தமிழுக்குக் கொண்டு வந்தபோது வினையைத் தூக்கி எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டோம். ‘டக் இன்’ நமக்கு ‘இன் பண்ணு’. சட்டையை இன் பண்ணிட்டு வாடா என்று ஸ்கூலில் பி.டி. சார் கத்துவார். ‘ஸ்விட்ச் ஆன்’ வெறும் ‘ஆன் பண்ணு’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ வெறும் ‘ஆஃப் பண்ணு’. வாலையே வினையாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிற நமக்கு, அந்த வாலுக்கும் தலைக்கும் நடுவில் இன்னொரு வார்த்தை உட்காரும் என்றால் எப்படித் தோன்றும்?

கரும்பலகை:
தறிநாடா, முப்பது வருஷத்தில் ‘இன் பண்ணு’வை நான் இப்படிப் பார்த்ததே இல்லை. நானே ஆயிரம் தடவை கத்தியிருக்கிறேன்.

பன்மை விஷயத்துக்கும் நம் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. நன்னூல் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று சொல்கிறதே, அதுதான். மாடு வந்தது, மாடு வந்தன, இரண்டுக்கும் மாடுதான். பேச்சில் வினையைக்கூட மாற்றுவதில்லை, ‘ரெண்டு மாடு வந்துச்சு’. ரெண்டு பேண்ட் எடுத்தேன், நாலு ஜீன்ஸ் துவைச்சேன். அதனால்தான் ‘ஜீன்ஸ்’ நம் காதில் எஸ்ஸில் முடிகிற ஒரு பெயர், பஸ் மாதிரி, அவ்வளவுதான்.

களிசான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் உடுப்புத் திருத்திக் கொடுக்கிற கடையொன்றில் வேலை. என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எங்கட ஊரில் பேண்ட்டுக்குக் களிசான் என்றுதான் சொல்லுவோம், போர்த்துக்கீசர் விட்டுப் போன சொல். நீளக் காற்சட்டை என்றும் சொல்லுவோம். எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான், இரண்டில்லை.

தம்பிக்கு ஃபிட் கமெண்ட்ஸ், அதாவது சாம்பிளைப் போட்டுப் பார்த்து அளவு பற்றி எழுதுகிற குறிப்புகள், வருகிறதென்றால் எங்கட கடையில் தினமும் கேட்கிற நாலு சொல்லையும் வடிவாகப் பழக வேண்டும். இடுப்பைப் பிடித்துத் தைப்பது ‘டேக் தெம் இன்’. பிரித்து லூஸ் விடுவது ‘லெட் தெம் அவுட்’. கால் நீளத்தைக் குறைத்து மடித்துத் தைப்பது ‘டேக் தெம் அப்’. மடிப்பை இறக்கி நீளம் கூட்டுவது ‘லெட் தெம் டவுன்’. அகலத்துக்கு இன், அவுட். நீளத்துக்கு அப், டவுன். இறுக்குவதும் குறைப்பதும் டேக், விடுவது லெட். இவ்வளவும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள், ஒரு மனிசி கறுப்பு ட்ரவுசர்ஸ் ஒன்றை மேசையில் வைத்து ‘குட் யூ டேக் தீஸ் அப் ஃபார் மீ?’ என்று கேட்டா. எங்கட கடைக்கு மேல்மாடி இருக்கு, மெஷின் அங்கேதான். நானும் ‘யெஸ், யெஸ்’ என்று சொல்லி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கீழே வந்து அவவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவ எவ்வளவு நீளம் என்று அளக்க மாட்டீர்களா என்று கேட்கிறா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளி வந்துதான் காப்பாற்றினார்.

தூங்காநகரம்:
அக்கா, நீங்கள்தான் இந்த இழையின் ஹீரோ.

மழைக்காலம்:
‘வேர்’ பற்றியும் யாராவது சொல்லுங்கள். நம் ஆட்கள் ‘வெயிட், ஐ ஆம் வேரிங் மை ஷூஸ்’ என்று சொல்வது இன்னும் காதில் விழுகிறது.

தறிநாடா:
அதற்குத் தமிழே வழி காட்டும். போட்டுக்கிட்டு இருக்கேன், போட்டிருக்கேன், இரண்டுக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியும் இல்லையா. கால் உள்ளே போய்க்கொண்டிருந்தால் ‘புட்டிங் தெம் ஆன்’. போட்டு முடித்து உடம்பில் இருந்தால் ‘வேரிங்’. போட்டிருக்கேன் என்று தமிழில் சொல்ல முடிகிற இடத்தில் மட்டும் வேர் போடுங்கள், தப்பே வராது.

அரைக்கைசட்டை:
என் சந்தேகம் இன்னொன்று. பைஜாமாவுக்கு ‘எ பேர் ஆஃப் பைஜாமாஸ்’ என்றால் கீழ்ப் பகுதி மட்டுமா, சட்டையும் சேர்த்தா?

நூல்கண்டு:
சட்டையும் சேர்த்து ஒரு செட். இங்கிலாந்தில் ராத்திரி போட்டுக்கொள்கிற மேல் கீழ் இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். கீழ்ப் பகுதி மட்டும் வேண்டும் என்றால் ‘பைஜாமா பாட்டம்ஸ்’, மேலே உள்ளது ‘பைஜாமா டாப்’. பனியன்சிட்டி, இதை உங்கள் ஆர்டர் ஷீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒன்று கவனித்தீர்களா, இன்னொரு பெயருக்கு முன்னால் வந்ததும் எஸ் கழன்றுவிட்டது. ட்ரவுசர் பாக்கெட், ட்ரவுசர் லெக், பைஜாமா பாட்டம்ஸ். ஆனால் ஜீன்ஸும் ஷார்ட்ஸும் கழற்ற மறுக்கும், ஜீன்ஸ் பாக்கெட் என்றுதான் சொல்கிறார்கள். ஃபேஷன் பத்திரிகைகளிலும் கேட்லாக்கிலும் ‘எ வைடு லெக் ட்ரவுசர்’ என்று ஒருமையில் எழுதுவதும் உண்டு. அது அவர்கள் தொழில் பாஷை. அதைப் பார்த்துவிட்டு விதி மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

தூங்காநகரம்:
அப்போ வேட்டி?

கரும்பலகை:
பிரியாத துணி, ‘எ வேட்டி’. மடித்துக் கட்டினாலும் ஒருமைதான்.

பனியன்சிட்டி:
எல்லோருக்கும் நன்றி. புது மெயில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். தமிழ் எழுத்திலேயே போடுகிறேன்.

‘வீ ஹேவ் சென்ட் ஒன் பேர் ஆஃப் ஜாகர்ஸ் இன் மீடியம். வீ டுக் தெம் இன் அட் த வெயிஸ்ட் பை டூ சென்டிமீட்டர்ஸ், ஆஸ் யூ ஆஸ்க்ட். திஸ் பேர் இஸ் வித்தவுட் வாஷ். ப்ளீஸ் ட்ரை தெம் ஆன் அண்ட் லெட் அஸ் நோ இஃப் தே ரைடு அப் வென் த மாடல் சிட்ஸ்.’

‘திஸ் பேர் இஸ்’ என்று ஒருமையில் எழுதிவிட்டு அடுத்த வரியில் தெம் என்று வருகிறதே, இது சரியா?

கரும்பலகை:
சரிதான் தம்பி. பேர் என்ற வார்த்தையோடு ஒட்டிய வினை ஒருமை. அடுத்த வரிக்குப் போனதும் மனசில் இருப்பது ஜாகர்ஸ், அதனால் தெம், தே. இங்கிலீஷ்காரர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். ‘வித்தவுட் வாஷ்’ மட்டும் ‘அன்வாஷ்ட்’ ஆக்குங்கள். ‘ரைடு அப்’ உங்களுக்கு எங்கே கிடைத்தது?

பனியன்சிட்டி:
அவர்கள் பழைய ஃபிட் கமெண்டிலேயே இருந்தது சார், உட்கார்ந்தால் ஷார்ட்ஸ் தொடைக்கு ஏறுகிறது என்று. ரைடு என்றதும் பைக் ஓட்டுவது என்று நினைத்து பேட்டர்ன் மாஸ்டரிடம் ‘பைக்கில் போகும்போது பிரச்சினையாம்’ என்று சொல்லி, அவர் பாவம் கவட்டைத் தையலில் கூடுதலாக ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார்.

களிசான்:
தம்பி, அது நல்லாத்தான் இருந்திருக்கும். ஏறுகிறதுக்கும் அதுதான் மருந்து.

பனியன்சிட்டி:
அதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. அந்த சாம்பிள்தான் அப்ரூவ் ஆனது.